காய் விட்ட டீச்சர்

ஒன்றாம் வகுப்பு டீச்சருக்குக் குரல் போனது ஒரு திங்கட்கிழமை காலையில், பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது. பாதிப் பெயர்கள்வரை ஒழுங்காக வந்தது. அடுத்த பெயருக்கு வாய் திறந்தது, காற்றும் வந்தது, சத்தத்தைக் காணோம். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி முயன்றார். குழாயில் தண்ணீர் நின்றுபோவதற்கு முன் ஒரு இழுப்பு இழுக்குமே, அப்படி ஒரு கரகரப்பு வந்து அதுவும் அடங்கிவிட்டது. இன்னும் பெயர் வராத பிள்ளைகள், "உள்ளேன்" சொல்லத் தயாராக எழுந்து நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரே நாளில் வந்த வினை இல்லை அது. பள்ளி திறந்த கொஞ்ச நாளிலேயே பக்கத்துப் பிரிவு டீச்சர் பிரசவத்துக்குப் போனார். பதில் ஆள் இதோ வருகிறார், அதோ வருகிறார் என்றார்கள். கடைசியில் இரண்டு அறைக்கும் நடுவில் நின்ற மரத்தடுப்பைத்தான் இரண்டு பேர் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு பிரிவும் ஒரு பிரிவாயிற்று. டீச்சர் ஒருவர்தான்.

ஒன்றாம் வகுப்பில் பாடம் நடத்துவது வேலையில் கால்வாசிகூடக் கிடையாது. காலையில் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழும் குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டும். இடம் வலம் மாறிய செருப்பைக் கழற்றி மாட்ட வேண்டும். தண்ணீர் பாட்டில் மூடிகளை, பெற்றோர்கள் ஏதோ ஜென்மப் பகையோடு முறுக்கி அனுப்பும் மூடிகளை, திறக்க வேண்டும். பென்சில் சீவுவது சுகமான விளையாட்டு என்று கண்டுபிடித்தவர்கள் முனையைத் தாங்களே உடைத்துவிட்டு வந்து வரிசையில் நிற்பார்கள். ஒருத்தன் விழுந்த பல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வருவான். "டீச்சர், இவன் என்னைப் பாத்துக்கிட்டே இருக்கான்" என்று ஒரு புகார் வரும். அதை விசாரிப்பதற்குள், "டீச்சர், இவ என்னைப் பாக்கவே மாட்டேங்கிறா" என்று இன்னொன்று வரும். இவ்வளவுக்கும் மேலே கேட்கும்படி "ஆடு", "இலை" என்று கத்த வேண்டும். இரண்டு அறை நீளத்துக்குக் கத்த வேண்டும்.

காது மூக்கு தொண்டை டாக்டர் மெல்லிய குழாய் ஒன்றை மூக்கு வழியாக விட்டுப் பார்த்தார். திரையில் குரல் நாண்கள் தெரிந்தன. இரண்டின் ஓரத்திலும் அரிசிக் குருணை மாதிரி ஒரு முண்டு.

"மண்வெட்டி பிடிக்கிறவங்க உள்ளங்கையில காய்ப்பு காய்க்கும்ல, அந்த மாதிரிதாம்மா இது. என்ன வேலை பாக்குறீங்க?"

கூட வந்திருந்த கணவர் பதில் சொன்னார். "டீச்சருங்க."

"எந்த வகுப்பு?"

"ஒன்னாவது."

"அப்ப கேக்கவே வேணாம்" என்று டாக்டர் கையுறையைக் கழற்றினார். "ஒரு மாசம் வாயே தொறக்கக் கூடாது. கத்துறது மட்டும் இல்ல, குசுகுசுன்னு பேசுறது அதைவிட மோசம். அடங்கலைன்னா ஆப்பரேஷன். அதுக்கப்புறம் பழைய குரல் வரும்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேன்."

விடுப்பு என்று ஒன்று இருந்தால்தானே எடுப்பதற்கு. இருந்ததையெல்லாம் அப்பாவின் இடுப்பெலும்பு முறிவு போன வருடமே தின்று தீர்த்துவிட்டது. பெரிய டீச்சர் என்று பிள்ளைகள் கூப்பிடும் தலைமையாசிரியையிடம் கணவர்தான் போய்ப் பேசினார். பெரிய டீச்சர் கெட்டவர் இல்லை. மேசையில் இருந்த காகிதங்களை வெறுமனே அடுக்கிக் கலைத்துவிட்டுச் சொன்னார். "அவங்க பாடம் எடுக்க வேணாங்க. வந்து உக்காந்திருந்தாப் போதும். யாருமே இல்லாம அந்தக் கூட்டத்தை நான் எங்க கொண்டுபோய்க் கட்டிப் போடுறது?"

ஆக, டீச்சர் பேசாமல் வேலைக்குப் போகத் தொடங்கினார்.

முதல் நாள் பெரிய டீச்சரே வகுப்புக்கு வந்து விளக்கினார். "உங்க டீச்சருக்குத் தொண்டையில புண்ணு. ஒரு மாசத்துக்குப் பேச மாட்டாங்க. நீங்களும் சத்தம் போடக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டீச்ச்ச்சர்!" என்று ஜன்னல் அதிரும்படி பதில் வந்தது. பெரிய டீச்சர் தாழ்வாரத்தைத் தாண்டுவதற்குள் பிள்ளைகள் புண்ணை மறந்துவிட்டார்கள். மதியத்துக்குள் வேறு செய்தி பரவிவிட்டது. டீச்சர் எல்லோரோடும் காய் விட்டுவிட்டார்.

முதலில் வந்தவள் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி. மேசைக்கு அருகில் வந்து, தலையைக் குனிந்துகொண்டு, இரண்டு விரலைச் சேர்த்து நீட்டினாள். "பழம் விடுங்க டீச்சர்."

டீச்சர் தன் இரண்டு விரலால் அவள் விரலைத் தொட்டார். உடனே பின்னால் வரிசை நின்றுவிட்டது. பென்சில் சீவ நிற்கும் வரிசையைவிட நீளம். மூக்கைத் துடைத்த விரல், மை பட்ட விரல், இப்போதுதான் வாயிலிருந்து எடுத்த விரல் என்று ஒவ்வொன்றையும் தொட்டுப் பழம் விட்டு அனுப்பினார். போனவர்கள் இருக்கையில் உட்கார்ந்து ஆவலாகக் காத்திருந்தார்கள். டீச்சர் அப்போதும் பேசவில்லை.

"பழம் விட்டும் பேச மாட்டேங்கிறாங்க" என்று ஒருவன் சொல்ல, இரட்டைப் பின்னல் அழத் தொடங்கினாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர். டீச்சர் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். கையெடுத்துக் கும்பிட்டுக்கூடப் பார்த்தார். கரும்பலகையில் எழுதிச் சொல்லிவிடலாம் என்று சுண்ணக்கட்டியை எடுத்தவர், அப்படியே நின்றார். யாருக்கு எழுதுவது? எழுத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவரே அவர்தானே. படிக்கத் தெரிந்திருந்தால் இவர்கள் ஏன் ஒன்றாம் வகுப்பில் இருக்கிறார்கள்?

வீட்டிலும் இதே கதைதான். அப்பாவுக்குக் காது மந்தம். காதுக்கு வாங்கிக் கொடுத்த மிஷின் அலமாரியில் கிடந்தது. அதை மாட்டினால் மண்டைக்குள் வண்டு புகுந்த மாதிரி இருக்கிறதாம். அதனால் பள்ளியில் பகல் முழுக்கக் கத்திய குரலில் மிச்சம் இருந்ததை மாலையில் வீட்டில் கத்தித் தீர்ப்பார் டீச்சர். இப்போது மகள் பதில் பேசாமல் தட்டை வைத்துவிட்டுப் போவதைப் பார்த்து அப்பா கேட்டார். "என்ன கண்ணு, எம்மேல கோவமா?"

கணவர் பணிமனையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். பேருந்து எஞ்சின்களோடு மல்லுக்கட்டிய கையைக் கழுவாமலே மாமனார் காதருகில் போய்க் கத்தினார். "அவளுக்குத் தொண்டை சரியில்ல மாமா! தொண்டை!"

"சண்டையா? யாரோட சண்டை? உங்களோடயா?"

"சண்டை இல்ல மாமா. தொண்டை! தொண்டை!"

"சரி மாப்ள, சண்டைன்னா புருஷன் பொண்டாட்டிக்குள்ள வரும்தான். நீங்கதான் கொஞ்சம் விட்டுக்குடுத்துப் போகணும்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தாலும் தொண்டை வலித்தது. கணவர் நான்கு நாள் இப்படிக் கத்திப் பார்த்தார். ஐந்தாம் நாள் அலமாரியைத் துழாவி மிஷினை எடுத்து, பேட்டரி மாற்றி, மாமனாரின் காதில் அவரே மாட்டிவிட்டார். அப்பா கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, "இந்த ஃபேன் இவ்ளோ சத்தம் போடுதா? இத்தனை நாளும் இப்படித்தான் போட்டுச்சா?" என்றார். கழற்றவில்லை. அன்று படுக்கப் போகும்போது கணவர், "எனக்கு நாலு நாளைக்கே நாக்குத் தள்ளிருச்சு. நீ எப்படிம்மா ரெண்டு இடத்துலயும் சமாளிச்ச?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியாத கேள்வி. சொல்ல முடிந்திருந்தாலும் டீச்சருக்குத் தெம்பு இருந்திருக்காது. கண் சொருகிவிட்டது.

பேசாமல் இருந்தால் களைப்பு குறையும் என்றுதான் டீச்சர் நினைத்திருந்தார். நேர்மாறாக இருந்தது. ஒரு சொல்லில் முடிகிற காரியத்துக்கு இப்போது எழுந்து போக வேண்டியிருந்தது. கடைசி பெஞ்சில் ஒருவன் பசையை அடுத்தவள் முடியில் தடவினால், "டேய்" என்று ஒரு அதட்டல் போதாதா? இப்போது இரண்டு அறை நீளத்தையும் நடந்து கடந்து அவன் கையைப் பிடிக்க வேண்டும். அவர் போய்ச் சேர்வதற்குள் பசை தலைக்கு ஏறியிருக்கும். மாலையில் கணுக்கால் வீங்கிவிடும்.

கரும்பலகையில் குட்டிச் சொற்களாக எழுதினார். "வா." "போ." "எடு." "பாடு." எழுதிவிட்டுச் செய்து காட்டுவார். டீச்சர் என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொள்ள வேறு வழியில்லாததால் சில பிள்ளைகள் அந்தச் சொற்களை வெகு சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள். எல்லோரும் இல்லை. பாதிப் பேருக்கு அது டீச்சர் போடும் ஏதோ கோலமாகவே இருந்தது. அவர்கள் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுந்தார்கள், பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

இந்த இடைவெளியில்தான் வாயாடி உள்ளே புகுந்தாள். அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது அவளுடைய அம்மாவேதான். முதல் பெஞ்ச், ஓரத்து இடம். டீச்சரின் கை அசைந்தாலே எழுந்து நின்று வகுப்புக்கு அறிவிப்பாள்.

டீச்சர் வெயில் அடிக்கிறதென்று ஜன்னலைக் காட்டினால், "எல்லாரும் வெளிய பாருங்க!" வகுப்பே வெளியே பார்க்கும். டீச்சர் தலைவலியில் நெற்றியைப் பிடித்தால், "எல்லாரும் நெத்தியைத் தொடுங்க!" வகுப்பே நெற்றியைத் தொடும். முதலில் இரண்டு மூன்று முறை டீச்சர் தலையை ஆட்டி மறுத்தார். பிறகு விட்டுவிட்டார். தப்பும் தவறுமாக இருந்தாலும் ஒரு குரல் இருந்தது. அந்தக் குரலுக்குப் பிள்ளைகள் கொஞ்சம் அடங்கினார்கள். அந்த அளவு நிம்மதியே அவருக்குப் பெரிதாகப் பட்டது.

வாயாடிக்குப் பதவி ருசித்துவிட்டது. டீச்சர் சொல்லாததையும் சொல்லத் தொடங்கினாள். "டீச்சர் சொல்றாங்க, உன் கலர் பென்சிலை எனக்குக் குடுக்கணுமாம்." "டீச்சர் சொல்றாங்க, நீ அந்தப் பெஞ்சுக்குப் போகணுமாம்." டீச்சருக்கு இது அரைகுறையாகத் தெரியும். யார் போய்த் தடுப்பது என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்றாவது வாரத்தில் ஒரு மதியம். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி ஒரு மீன் வரைந்துகொண்டிருந்தார். நடு பெஞ்சில் இருந்த ஒல்லிப் பையன், யாரிடமும் அதிகம் பேசாதவன், கையைத் தூக்கினான். கழிப்பறைக்குப் போக வேண்டும். டீச்சர் திரும்பவில்லை. கை தூக்கியபடியே இருந்தான். முதல் பெஞ்சிலிருந்து தீர்ப்பு வந்தது. "டீச்சர் போகக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. உக்காரு."

அவன் உட்கார்ந்தான். மீனுக்குச் செதில் போட்டு முடித்துவிட்டு டீச்சர் திரும்பியபோது பெஞ்சுக்குக் கீழே ஈரம் ஓடிக்கொண்டிருந்தது. சுற்றி இருந்தவர்கள் காலைத் தூக்கிக்கொண்டு கூச்சலிட்டார்கள். பையன் அழவில்லை. மேசையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

டீச்சர் அவனை அழைத்துப் போய்க் கழுவி, அலுவலக அலமாரியில் இருந்த மாற்று உடை ஒன்றைப் போட்டுவிட்டார். தொளதொளவென்று இருந்தது, இடுப்பில் முடிச்சுப் போட வேண்டியிருந்தது. திரும்பி வந்து தரையைத் துடைத்தார். அதற்குள் மற்றவர்கள் மீனுக்குக் கால் வரைந்திருந்தார்கள்.

மறுநாள் காலை பையனின் அம்மா வந்தார். துணிக்கடையில் விற்பனையாளர் வேலை. கடைச் சீருடையிலேயே வந்திருந்தார். வேலைக்கு நேரமாகிவிட்ட பதற்றமும் கோபத்தோடு சேர்ந்துகொண்டது.

"ஏன் டீச்சர், ஒரு குழந்தையைப் பாத்ரூம் போக விட மாட்டீங்களா? கேட்டானாம், கூடாதுன்னு சொன்னீங்களாம். ராத்திரி பூரா தூக்கத்துல அழுதான் தெரியுமா? உங்க வீட்டுப் பிள்ளைன்னா இப்படிச் செய்வீங்களா?"

டீச்சர் கையை நீட்டி அவரை உட்காரச் சொன்னார்.

"உக்கார்றதெல்லாம் வேணாம். பதில் சொல்லுங்க. ஒரு பதில் கேக்கக்கூட எனக்குத் தகுதி இல்லையா?"

எழுபது முகங்கள் பார்த்துக்கொண்டிருந்தன. முதல் பெஞ்சில் வாயாடியின் முகம் வெளிறிப்போயிருந்தது. அவள் எழுந்து எதுவும் அறிவிக்கவில்லை. நடந்தது என்னவென்று டீச்சருக்குப் புரிந்தது. டீச்சர் ஒரு துண்டுத்தாளை எடுத்தார். "நான் சொல்லவில்லை, அந்தப் பெண் சொன்னாள்" என்று எழுதினால் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அந்தப் பெண்ணுக்கு ஆறு வயது. அவளுக்கு வாயை வாடகைக்கு விட்டது யார்? எழுதினார்: "தொண்டையில் நோய். பேச முடியாது. அவன் கை தூக்கியதை நான் பார்க்கவில்லை. தப்பு என்னுடையது."

அந்த அம்மா படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் அவர் முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. "பேச முடியாதவங்களை ஏன் வேலைக்கு வரச் சொல்றாங்க?" என்று கேட்டார். அதையும் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் கேட்டார். பிறகு பையனின் தலையைத் தடவிவிட்டு, பேருந்தைப் பிடிக்க ஓடினார்.

டீச்சர் ஒல்லிப் பையனின் பெஞ்சுக்கு முன்னால் மண்டியிட்டார். டாக்டர் சொன்னது ஞாபகத்தில் இருந்தது. இருந்தும் சொன்னார். தகரத்தில் ஆணி கீறுகிற மாதிரி வந்தது. "நான் அப்படிச் சொல்லலடா கண்ணா. எப்ப வந்தாலும் நீ எந்திரிச்சுப் போகலாம்."

பையன் தலையாட்டினான். பின்னாலிருந்து விசும்பல் கேட்டது. வாயாடி பெஞ்சில் கவிழ்ந்து படுத்து அழுதுகொண்டிருந்தாள். டீச்சர் அவளைத் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. முதுகில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். அதற்குமேல் செய்ய அவரிடம் எதுவும் மிச்சமில்லை. மதியம் ஒரு அட்டையில் தண்ணீர்க் குழாய்ப் படம் வரைந்து கதவருகே ஆணியில் மாட்டினார். கழிப்பறைக்குப் போகிறவர்கள் அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும், வந்து மாட்ட வேண்டும், யாரையும் கேட்க வேண்டாம். அட்டை அந்த வாரமே கழிப்பறைக்குள் விழுந்தது. புதிதாக ஒன்று வரைந்தார்.

மாதம் முடிந்து டாக்டர் மறுபடி குழாயை விட்டுப் பார்த்தார். "சின்னதாயிருக்கு. போயிடல. மெதுவாப் பேசலாம். ஆனா கத்துனீங்க, அடுத்த தடவை நேரா ஆப்பரேஷன்தான்."

திரும்பி வந்த குரல் அவருடையதாக இல்லை. அடியில் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்டது. வகுப்பில் முதன்முதலில், "எல்லாரும் உக்காருங்க" என்றபோது முன் வரிசை விழித்தது. "இது நம்ம டீச்சர் குரல் இல்ல" என்றாள் இரட்டைப் பின்னல். பின் வரிசைக்கு எதுவும் கேட்கவே இல்லை. அங்கே யாரோ யாரையோ குதிரையாக்கி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வகுப்பை அப்படியே விட்டுவிட்டுப் பெரிய டீச்சர் அறைக்கு நடந்தார். இத்தனை வருடத்தில் தனக்காக அவர் வகுப்பை நடுவில் விட்டுப் போனது அதுவே முதல் தடவை.

"இனிமே ரெண்டு பிரிவை நான் பாக்க முடியாதுங்க."

"என்ன? கேக்கல."

அவர் குரலை உயர்த்தவில்லை. பெரிய டீச்சர்தான் எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். டீச்சர் மறுபடி சொன்னார்.

"நான் மட்டும் என்ன, ஆளை மரத்துலயா பறிக்கிறேன்?" என்றார் பெரிய டீச்சர். "மாசா மாசம் எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன். பதில் வந்தாத்தானே."

"தெரியுங்க. உங்களைக் குத்தம் சொல்லல. ஒரு குழந்தை கை தூக்கினா எனக்குத் தெரியணும். அவ்ளோதான். இத்தனை பேருல எனக்குத் தெரியல."

"நாளைக்கே வேணும்னா நான் என்ன பண்றது?"

"எனக்குத் தெரியலங்க. எனக்கு முடியல."

அவ்வளவுதான் சொன்னார். அழவில்லை, மிரட்டவில்லை. அப்படியே நின்றார். தூரத்தில் அவர் வகுப்பின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. பெரிய டீச்சர் அதையும் கேட்டார், எதிரே நின்றவரின் காலையும் பார்த்தார். செருப்பு வார் புதையும் அளவுக்கு வீக்கம். "சரி, சரி, உக்காருங்க முதல்ல" என்றார்.

அடுத்த வாரம் மரத்தடுப்பு திரும்பி வந்தது. அதைத் தூக்கி வந்தவர்கள் தலைகீழாக நிறுத்திவிட்டுப் போனதை யாரும் கவனிக்கவில்லை. பாதிப் பிள்ளைகளைப் பெரிய டீச்சரே மதியம்வரை பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. மதியத்துக்குமேல் அவர்கள் திரும்பவும் இங்கேதான். கோப்புகளையும் முத்திரையையும் தூக்கிக்கொண்டு வந்து அவர் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். முதல் நாள் ஒரு மணி நேரத்துக்குள், "யாருடா என் முத்திரையை நெத்தியில குத்திக்கிட்டது?" என்று அவர் குரல் கேட்டது. சற்றுப் பொறுத்து, "வரிசையா வாங்க, வரிசையா வாங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று கேட்டது. அந்தக் குரலிலும் லேசாகக் கரகரப்பு தட்டியிருந்தது.

இந்தப் பக்கம் பிள்ளைகள் குறைந்த பெஞ்சுகளில் நெருக்கமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். வாயாடி பெரிய டீச்சர் பக்கம் போயிருந்தாள். அங்கே யாருக்கோ எதையோ விளக்கிக்கொண்டிருப்பாள். ஒல்லிப் பையன் இங்கேதான். அவன் இன்னும் அதிகம் பேசுவதில்லை. அட்டையை மட்டும் யாரையும் பார்க்காமல் எடுத்துக்கொண்டு போனான், கொண்டுவந்து மாட்டினான். டீச்சர் பல மாதங்களுக்குப் பிறகு பாடம் நடத்தும் நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் காலில் வலி அதிகமாயிற்று.

மாலையில் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நாளைக்கு லீவு, மத்தியானம் வரைக்கும் தூங்கலாம் என்று எண்ணிக்கொண்டு தலையைக் கம்பியில் சாய்த்தார். பக்கத்தில் இருந்த பெண் நேரத்தைப் பார்க்கக் கைபேசியை எடுத்தாள்.

"இன்னைக்கு வெள்ளிதானேம்மா?" என்று டீச்சர் கண்ணை மூடியபடி கேட்டார்.

அவள் காதைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்து, மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டு சொன்னாள். "இல்லக்கா, புதன்."

"அப்படியா" என்றார் டீச்சர். கண்ணைத் திறக்கவில்லை.